பயணப் பையில் நான்கு தந்திகள்

செம்பூரிலிருந்து ஒரு சகோதரி நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் மருந்துக் கம்பெனி ஒன்றின் பிரதிநிதி. மாதத்தில் இருபது நாள் வெளியூர் வாசம். “மாலை ஏழு மணிக்கு மேல் அவருக்கு வேலை இல்லை. லாட்ஜ் அறையில் என்ன செய்வதென்று தெரியவில்லை என்கிறார். போனில் பேசினால் ‘சாப்பிட்டாயா’ என்பதற்கு மேல் பேச்சு ஓடுவதில்லை. தாங்களும் ஊர் சுற்றுகிறவர் என்று இப்பகுதியைப் படித்து அறிந்திருக்கிறேன். தாங்கள் அந்தப் பொழுதை எப்படிக் கழிக்கிறீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். அவர் எழுதாமல் விட்ட கவலை ஒன்று அந்த வரிகளுக்கிடையே இருக்கிறது. வெளியூர் உத்தியோகத்தில் இருப்பவர்கள் அனைவரும் அதை அறிவார்கள். ஏழு மணிக்கு மேல் ஆண்பிள்ளைகளுக்கென்று திறந்திருக்கும் இடங்கள் எவை என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

சகோதரிக்கு நம் விடை இது: நாம் உகுலேலே வாசிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துக்கொள்ளலாம்; நம் இல்லத்தரசி சிரித்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. ஐம்பத்திரண்டு வயதில், பாசனப் பம்புகளின் உதிரி பாகங்களை விற்பதற்காக நாசிக்கிலும் சோலாப்பூரிலும் கோலாப்பூரிலும் கடை கடையாய் ஏறி இறங்குகிற ஒருவர், குழந்தையின் விளையாட்டுச் சாமானைப் போன்ற ஒரு வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு போனால், பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். ‘சித்தேஸ்வர் எக்ஸ்பிரஸ்’ வண்டியில் எதிர் இருக்கைக்காரர் ஒருவர், “பேரனுக்கா?” என்று மராத்தியில் கேட்டார். “ஆம்” என்று சொல்லிவிட்டோம். அந்தப் பொய்யை நினைத்து இன்றும் சற்று வெட்கப்படுகிறோம். இல்லாத பேரனுக்காக அல்ல, ‘எனக்குத்தான்’ என்று சொல்ல வாய் வராமற்போனதற்காக.

அந்த வெட்கத்திற்கு ஒரு பழைய கதை உண்டு. நாம் பிறந்து வளர்ந்தது தாராவியில். தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் பட்டறையில் வேலை பார்த்தவர். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஆறு பேர். பதினான்கு வயதில் நாம் விடியற்காலையில் மாட்டுங்காவில் வீடு வீடாகச் செய்தித்தாள் போட்டு வந்தோம். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் இடையே இருப்பது இரயில் பாதைதான். ஆயினும் அதைத் தாண்டினால் வேறு ஊருக்குப் போனது போலிருக்கும். அங்கே ஒரு வீட்டின் முதல் மாடியிலிருந்து காலை ஆறரை மணிக்கு வீணை கேட்கும். அந்த வீட்டுத் தாளை மட்டும் நாம் மெதுவாக மடிப்போம். ஒருநாள் துணிந்து, மாணவிகளுக்குக் கற்பித்துக்கொண்டிருந்த அந்த அம்மையாரிடம், எங்களுக்கும் சொல்லித் தருவீர்களா என்று கேட்டுவிட்டோம். அவர் கோபிக்கவில்லை. “வீட்டிலே வீணை வைக்க இடம் இருக்காப்பா?” என்று கேட்டார். இல்லை என்றோம். நான்கடி நீளத்தில் ஒரு பொருள் எங்கள் அறைக்குள் வருமானால், எங்களில் ஒருவர் வெளியே படுக்க வேண்டும்.

அந்த அம்மையாரிடம் நமக்கு மனத்தாங்கல் இல்லை, கேள்வி நியாயமானது. தாராவியில் சங்கீதம் இல்லை என்று எவரும் எண்ணிவிடவும் வேண்டாம். பொங்கலுக்கு அடிக்கும் பறையும், கோயில் நாயனமும், மாதா கோயில் பாட்டும் கேட்டே வளர்ந்தோம். இன்று அங்குள்ள பிள்ளைகள் கழித்துப் போட்ட பீப்பாய்களையும் பெயின்ட் டப்பாக்களையும் தட்டித் ‘தாராவி ராக்ஸ்’ என்னும் பெயரில் மேடையேறியிருக்கிறார்கள். ஆனால் ‘நரம்பு வாத்தியம் இடமுள்ளவர்களுக்கு உரியது’ என்ற எண்ணம் மட்டும் நம் மனத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் அசையாமல் கிடந்தது. செம்பூரில் இரண்டு அறை வீடு வாங்கிய பிறகும் அது போகவில்லை. அப்போது இடம் இருந்தது. நாம்தான் வீட்டில் இல்லை.

சென்ற ஆண்டு ஒரு வேலையாகத் தோபி தலாவ் பக்கம் போயிருந்தோம். 1865-ஆம் ஆண்டிலேயே தோன்றிய பர்ட்டாடோஸ் நிறுவனத்தின் காரணமாக வாத்தியங்களுக்குப் பேர்போன வட்டாரம் அது. அங்கே ஒரு கடையின் கண்ணாடிக்குள் இந்தச் சிறு வாத்தியம் தொங்கிற்று. கடைக்காரப் பையன் ‘யூக்கலேலி’ என்றான். இதில் அளவுகள் உண்டு: மிகச் சிறியது சுமார் 21 அங்குலம், அடுத்தது 23, அதற்கடுத்தது 26. தடித்த விரல்களுக்கு நடுவிலுள்ளதே ஏற்றதென்று அவன் சொன்னான். விலை 3,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. கையில் எடுத்துப் பார்த்தோம். ஒரு கட்டுச் செய்தித்தாளைவிடக் கனம் குறைவாக இருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டோம்.

இதன் வரலாற்றைப் பிறகுதான் படித்தோம். படித்தபின் இதனிடம் ஓர் உறவே ஏற்பட்டுவிட்டது. இது புலம்பெயர்ந்தவர்களின் வாத்தியம். போர்ச்சுக்கலைச் சேர்ந்த மதீரா தீவிலிருந்து, கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்யப் புறப்பட்ட குடும்பங்களை ஏற்றிக்கொண்டு, ‘ராவன்ஸ்கிராக்’ என்னும் கப்பல் 1879-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலுவை அடைந்தது. வந்தவர்களில் மனுவேல் நூனஸ், அகுஸ்தோ டியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்தோ சாந்தோ என்ற மூன்று தச்சர்கள் இருந்தார்கள். தங்கள் ஊரின் ‘மச்சேட்’ என்னும் சிறு கிதாரை ஒட்டி, ஹவாயில் கிடைத்த கோவா மரத்தில் அவர்கள் இழைத்துக் கொடுத்ததே உகுலேலே ஆயிற்று. காலாகவா மன்னர் அதைத் தம் அரண்மனைக் கேளிக்கைகளில் ஏற்றுக்கொண்டார். 1915-இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பின் அமெரிக்கா முழுவதும் அதன் மீது பித்துக் கொண்டது. பெயருக்குப் பொருள் ‘துள்ளும் தெள்ளுப்பூச்சி’ என்பார்கள். விரல்கள் துள்ளுவதைக் கண்டு வைத்த பெயராம். லில்லியோகலானி அரசியாரோ ‘இங்கு வந்து சேர்ந்த கொடை’ என்று பொருள் கொண்டார். அரசியின் பொருளே நமக்குப் பிடித்திருக்கிறது.

நம்மவர் ஒன்றை நினைவுகூர்தல் வேண்டும். அதே 1879-ஆம் ஆண்டு மே திங்களில்தான் ‘லியோனிடாஸ்’ கப்பல் கல்கத்தாவிலிருந்து நம் நாட்டு ஒப்பந்தக் கூலிகளை முதன்முதலாகப் பிஜித் தீவில் இறக்கியது. அவர்களுக்கும் கரும்புத் தோட்டந்தான். பின்னாளில் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழர்களும் அவ்வழியே போனார்கள். பசிபிக் கடலில் இரண்டு தீவுகள், ஒரே கரும்பு.

வாத்தியம் வாங்கியாயிற்று, கற்பது எப்படி? யூடியூபில் ஆயிரம் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அனைவரும் மேனாட்டு முறையில் மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து மீட்டும் ‘கார்டு’களைத்தான் முதலில் கற்பிக்கிறார்கள். ஒரே விரலை ஓரிடத்தில் வைத்தால் முதல் கார்டு வந்துவிடும். அது உண்மைதான், ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. ஆனால் வந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நம் காதில் இருக்கும் பாட்டுகள் ஒரு சுருதியைப் பற்றிக்கொண்டு ஒற்றைக் கொடியாகப் படர்பவை. மூன்று வாரம் லாட்ஜ் லாட்ஜாக மீட்டிப் பார்த்தும், யார் வீட்டுக் கல்யாணத்திலோ சாப்பிடுகிறாற்போல்தான் இருந்தது. போதாக்குறைக்குப் புதுத் தந்திகள் நைலானாகையால் இழுத்து இழுத்துத் தளர்ந்தன. மாலையில் கூட்டி வைத்த சுருதி காலையில் இறங்கிக் கிடக்கும். விரல் நுனிகள் எரிந்தன. ஜல்காவில் ஒரு நாளிரவு பெட்டியை மூடி வைத்துவிட்டு, இது நமக்கு ஆகாது என்று தீர்மானித்தே விட்டோம்.

அதை மாற்றியவர் ஒரு லாரி ஓட்டுநர். மறுநாள் நாக்பூர்ச் சாலையில் நாம் ஏறியிருந்த எஸ்.டி. பஸ் பழுதாகி, ஒரு பெட்ரோல் பங்கின் எதிரே இரண்டு மணி நேரம் நின்றது. அங்கே நாமக்கல் பதிவெண் கொண்ட லாரி ஒன்று நிழலில் நின்றது. ஓட்டுநர் சரக்கு ஏற்றுவதற்கான அழைப்புக்காக முதல் நாளிலிருந்து காத்திருப்பவர். தமிழ்க் குரல் கேட்டதும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். தோளில் என்னவென்று கேட்டார். இம்முறை பொய் சொல்லவில்லை. “வாசிங்க, அண்ணே” என்றார். தெரியாது என்றோம். “தெரிஞ்சதை வாசிங்க.” வெட்கத்தோடு மேல் தந்தி இரண்டையும் மாற்றி மாற்றி மீட்டினோம். அவர் சற்று நேரம் கேட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, தம் ஊர் மாரியம்மன் திருவிழாவில் பாடுகிற ஒரு பாட்டை அந்த ஓசையின் மேல் ஏற்றிவிட்டார்! முரட்டுக் குரல், ஆனால் சுருதி அணுவளவும் பிசகவில்லை. கிளீனர்ப் பையன் ஸ்டெப்னி டயரைத் தட்டினான். பாட்டு முடிந்ததும், “இது தம்பூரா மாதிரி இருக்குதுங்க, அண்ணே” என்றார் ஓட்டுநர்.

அவர் சொன்னது பேருண்மை. உகுலேலேயின் நான்கு தந்திகள், முகத்துக்கு அருகிலிருப்பதிலிருந்து எண்ணினால், மேனாட்டார் ஜி, சி, ஈ, ஏ என்பவை. இரண்டாவதான சி தந்தியை ஸட்ஜமாகக் கொண்டால் அது நம் ஒரு கட்டைச் சுருதி. அப்போது முதல் தந்தி பஞ்சமம். மற்ற வாத்தியங்களைப் போல அது மந்தரமாக இராமல், ஸட்ஜத்துக்கு மேலேயே நிற்கிறது. பஞ்சமமும் ஸட்ஜமும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன; தம்பூராவுக்கு வேண்டியது அதுதானே! எஞ்சியவை அந்தர காந்தாரமும் சதுச்ருதி தைவதமும். அதாவது, விரலே வைக்காமல் ஸ, க, ப, த என்ற நான்கு சுரங்கள் கையில் இருக்கின்றன. ஸட்ஜத் தந்தியின் இரண்டாம் மெட்டில் விரல் வைத்தால் ரிஷபம். ஐந்தும் சேர்ந்தால் மோகனம் அன்றோ! முல்லைப்பண் என்று ஆராய்ச்சியாளர் பலர் அடையாளம் காட்டும் இராகம் பசிபிக் தீவிலிருந்து வந்த பெட்டிக்குள் நமக்காகக் காத்திருந்தது.

அன்று முதல் கார்டுகளை ஒதுக்கிவிட்டோம். அது அவற்றின் குற்றமன்று. பிள்ளைகளின் பாட்டுக்கும் சினிமாப் பாட்டுக்கும் அவை நன்றாகவே உதவும். நாம் மட்டும் புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் வழியில் மாயாமாளவகௌளையைப் பிடித்துக்கொண்டோம். ஆர்வமுள்ளவர்களுக்காகக் குறிக்கிறோம்: ஸட்ஜம், இரண்டாம் தந்தி வெறுமனே, ரிஷபம், அதன் முதல் மெட்டு, காந்தாரம், மூன்றாம் தந்தி வெறுமனே, மத்திமம், பஞ்சமம், தைவதம் ஆகியவை அதே தந்தியின் ஒன்று, மூன்று, நான்காம் மெட்டுகள், நிஷாதமும் மேல் ஸட்ஜமும் கடைசித் தந்தியின் இரண்டு, மூன்றாம் மெட்டுகள். இதற்குமேல் விரல் ஓட வேண்டிய அவசியமே இல்லை. வீணையின் இருபத்துநான்கு மெட்டுகளைக் கண்டு மலைத்தவனுக்கு நான்கு மெட்டுக்குள் சரளி வரிசை அடங்கிவிட்டது. கமகம் வருமா என்று கேட்பவர்களுக்கு, கொஞ்சம் வரும் என்போம். நைலான் தந்தியில் ஓசை சட்டென்று மறைந்துவிடுவதால் வீணையின் இழைவை எதிர்பார்க்கக் கூடாது. மாண்டலின் சீனிவாஸ் போன்ற மேதை (1969–2014) கையில் கிடைத்தால் இதுவும் என்னவெல்லாம் பேசியிருக்குமோ!

சிறிய நரம்புக் கருவியோடு ஊர் ஊராகப் போவது தமிழனுக்குப் புதிதா என்ன? சீறியாழ் ஏந்திய பாணர் சிறுபாணர்; அவர்களை நல்லியக்கோடனிடம் வழிப்படுத்தியதால்தான் பத்துப்பாட்டில் ஒன்றுக்குச் சிறுபாணாற்றுப்படை என்று பெயர். எந்த ஊரில் எந்த வள்ளல், எந்த வழியில் போனால் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு திரிந்த அவர்களும் ஒரு வகையில் வட்டாரப் பிரதிநிதிகளே! அந்த யாழ் நம் கையை விட்டுப் போயிற்று. அது எவ்வாறு இருந்திருக்கும் என்று ஆராய்ந்து விபுலாநந்த அடிகள் எழுதிய ‘யாழ்நூல்’ 1947-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அடிகளும் மறைந்தார். உகுலேலேயை யாழ் என்று நாம் சொல்ல வரவில்லை. தமிழறிஞர்கள் கோபிக்க வேண்டாம்.

இன்னொரு பயணியும் நினைவுக்கு வருகிறார். தென் துருவப் பயணத்தில் 1915-இல் ‘எண்டியூரன்ஸ்’ கப்பல் பனியில் நொறுங்கியபோது, தலைவர் ஷாக்கிள்டன் தம் ஆட்களிடம், சொந்தச் சாமான்களில் ஆளுக்கு இரண்டு இராத்தல் தவிர மற்றவற்றை எறிந்துவிடும்படி ஆணையிட்டார். பொற்காசுகளைக்கூடப் பனியில் எறிந்தார். ஆனால் ஹஸ்ஸி என்பவருடைய பாஞ்சோ வாத்தியத்தை, அது பன்னிரண்டு இராத்தல் கனத்தபோதிலும், உடன் கொண்டுவரச் செய்தார். மனத்துக்கு அதுவே மருந்தென்பது அவர் கருத்து. நம் வாத்தியமோ இரண்டு இராத்தலுக்கும் கீழே. அந்தத் துருவத் தலைவரே அனுமதித்திருப்பார்.

நடைமுறையில் சில சொல்ல வேண்டும். வழியில் திரிபவனுக்குப் பொழுது இல்லை என்பது பொய். பொழுது துண்டு துண்டாக இருக்கிறது என்பதே மெய். கடைக்காரர் சாப்பிட்டு வரும் வரை இருபது நிமிடம், பஸ் வரும் வரை பத்து நிமிடம். இந்தத் துண்டுகளில் ஒரு வரிசையை நான்கு முறை வாசிக்கலாம். குதிரையருகே தந்திகளுக்கடியில் ஒரு கைக்குட்டையைச் செருகினால் அடுத்த அறைக்கு ஓசை போகாது. இரயிலில் இரவு விளக்கணைத்தபின் எடுக்கவே கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போனால் பசை இளகிக் குதிரை பெயர்ந்துவிடும். பம்பாயின் ஆடி மழை ஈரத்திலும் உறையை விட்டு வெளியே வைக்கலாகாது. தந்திகள் ஒரு வாரம் இழுபட்டபின் தாமே நிலைக்கும். நாம் ஜல்காவில் பொறுத்திருக்க வேண்டும். வண்டி ஓட்டுகிற அன்பர்கள் வண்டியை நிறுத்திய பிறகே தொட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்கிறோம், ஏனெனில் அந்த நாமக்கல் அன்பர், “ஓட்டிக்கிட்டே வாசிக்க முடியாதுங்களா?” என்றும் கேட்டார்.

இவ்வளவும் வீட்டிற்குத் தெரியாமல் நடந்தவை. வெளியூரில் நம் பெயர் எவருக்கும் தெரியாது. ஆகவே பிழையாக வாசிக்க முடிந்தது. செம்பூரில் மேல் வீட்டிலும் கீழ் வீட்டிலும் தமிழர்கள். போதாததற்கு நம் மகள், வயது பதினொன்று, நான்கு ஆண்டுகளாகப் பாட்டு கற்கிறவள். நாம் வெளியூரிலிருந்து திரும்பும் நாட்களில் அவள் நம்மோடு பேசுவது குறைந்துகொண்டே வந்தது. குற்றம் அவளுடையதன்று, அவளிடம் கேட்க நம்மிடம் ‘பரீட்சை எப்படி’ என்ற ஒரு கேள்விதான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சாதகம் செய்துகொண்டிருந்தபோது, அடுத்த அறையில் கைக்குட்டையைச் செருகிக்கொண்டு உடன் வாசித்தோம். பாட்டு நின்றது. அவள் வாசலில் வந்து நின்றாள். “நீங்களா வாசிச்சீங்க?” என்றாள். ஆமென்றோம். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தோம். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, “அப்பா, உங்க ரிஷபம் ஏறி நிக்குது” என்றாள்.

கைப்பேசியிலுள்ள சுருதிமானியை வைத்துப் பார்த்தோம். அவள் சொன்னதே சரி. மலிவான உகுலேலேக்களில் மேரு உயர்ந்திருக்கும். அதனால் முதல் மெட்டில் விரலை அழுத்துகையில் தந்தி இழுபட்டுச் சுரம் ஏறிவிடுகிறது. அத்தனை மாதங்களாக, அத்தனை ஊர்களில் அந்தப் பிழையோடுதான் வாசித்திருக்கிறோம்! வாத்தியம் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொடுத்து மேருவை அரத்தால் சிறிது இழைத்து வாங்கினோம். பணம் அதிகமாகவில்லை. அது வரும்வரை மெட்டை ஒட்டி, மெதுவாக அழுத்தும்படி அவள் நம் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினாள்.

இப்பொழுது ஏழு மணிக்கு மேல் போன் வருகிறது. ‘சாப்பிட்டாயா’ என்று அவள் கேட்பதில்லை. அன்றைய வரிசையை வாசித்து வாட்ஸப்பில் அனுப்பியாயிற்றா என்பதுதான் கேள்வி. நேற்று அனுப்பியதற்கு, இரண்டாம் காலத்தில் தாளம் ஓடுகிறது, மறுபடி வேண்டும் என்று விடை வந்திருக்கிறது. நாளை இரவு ‘மகாலட்சுமி எக்ஸ்பிரஸ்’ வண்டியில் கோலாப்பூருக்குப் புறப்படுகிறோம். ஜண்டை வரிசை ஒன்றைத் தன் பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதி, வாத்திய உறையின் பைக்குள் அவளே வைத்திருக்கிறாள். ரிஷபத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டிருக்கிறது.